நோட்டீஸ் ஒட்டுனா மட்டும் போதாது, புரியற மாதிரி எழுதணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் கிண்டி பக்கம் ஒரு கார்மெண்ட்ஸ் எக்ஸ்போர்ட் கம்பெனியில டைம் ஆபீஸ்ல வேல பாக்கறேன், பதினோரு வருஷம் ஆச்சு. வீடு பல்லாவரம். லெட்டர் கொஞ்சம் நீளமா போகும், இடம் பத்தலன்னா குறைச்சுக்கோங்க, ஆனா நடுவுல வர்ற நாள் கணக்கையும் போன் நம்பரையும் மட்டும் எடுத்துடாதீங்க, அதுக்காகத்தான் எழுதறேன்.

எங்க கம்பெனியில கேன்டீன் போற வழியில ஒரு போஸ்டர் இருக்கு. வேலை செய்யற இடத்துல பொம்பளைங்களுக்கு பாலியல் தொந்தரவு நடந்தா என்ன பண்ணணும்னு இங்கிலீஷ்ல, பொடி எழுத்துல, லேமினேட் பண்ணி மாட்டியிருக்கு. எங்க துணிய வாங்கற பையர் கம்பெனிக்காரங்க ஆடிட்டுக்கு வர்ற அன்னைக்கு தொடச்சு வெப்பாங்க. அதுல போட்டிருக்கற, இந்த மாதிரி புகார விசாரிக்கற கம்பெனி கமிட்டி பேருல ரெண்டு பேரு வேலைய விட்டுப் போயி வருஷமாச்சு. லைன்ல உக்காந்து தைக்கற பொண்ணுங்க தமிழ்நாட்டுக்காரங்க பாதி, ஒடிசா ஜார்க்கண்ட்ல இருந்து வந்து ஹாஸ்டல்ல தங்கியிருக்கறவங்க பாதி. இங்கிலீஷ் போஸ்டர யாரு படிப்பா? நானே அந்த கமிட்டியில மெம்பரா இருந்தும் மூணு வருஷம் அத முழுசா படிச்சதில்ல, மீட்டிங்னு கூப்பிடுவாங்க, போயி கையெழுத்து போட்டுட்டு வருவேன். அது என் தப்புதான், அத நினைச்சு இன்னமும் மனசு உறுத்துது.

போன வருஷம் ஒரு நாள் ஓவர்டைம் முடிஞ்சு பஞ்ச் பண்ண வந்த ஒரு டெய்லர் பொண்ணு படிக்கட்டுல நின்னு அழுதுட்டு இருந்தா. என்னம்மான்னு கேட்டேன். ரொம்ப நேரம் சொல்லல. அப்புறம் சொன்னா, லைன்ல ஒருத்தர் பீஸ் எடுத்துக் குடுக்கற சாக்குல மேல கை படற மாதிரி வர்றாராம், நாலஞ்சு மாசமாவாம், டார்கெட் முடியலன்னா "என்ன கவனிச்சுக்கிட்டா எல்லாம் முடியும்"னு சொல்றாராம். நான் கேட்டேன், கமிட்டின்னு ஒண்ணு இருக்கே, கேன்டீன் பக்கம் போஸ்டர் கூட இருக்கே, நீ ஏன் புகார் குடுக்கலன்னு. அதுக்கு அவ சொன்னத அப்படியே எழுதறேன்: "அதெல்லாம் பெரிய கேஸுக்குக்கா. எனக்கு அந்த மாதிரி ஒண்ணும் நடக்கல. இடுப்புல கிள்ளுனாரு, அவ்ளோதான்."

அவ்ளோதானாம். அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல. அந்த பொண்ணு பத்தாவது பாஸ், தமிழ் நல்லா படிப்பா. தமிழ்லயே போஸ்டர் இருந்திருந்தாலும் "பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தல்"னு போட்டிருந்தா அது தனக்கு இல்லன்னுதான் நினைச்சிருப்பா. அந்த வார்த்தைய எங்க ஃப்ளோர்ல யாரும் பேசறதில்ல. "தப்பா பேசறான்", "மேல கை வெக்கறான்", "டபுள் மீனிங்ல பேசறான்", "ஒரு மாதிரி பாக்கறான்", "நைட்ல மெசேஜ் போடறான்", "போன்ல அசிங்கமான படம் காட்டறான்" இப்படித்தான் சொல்லுவாங்க. வேலை செய்யற இடத்துல பாலியல் தொந்தரவ தடுக்க வந்த 2013 சட்டத்துல இதெல்லாமே வருது, தொடறது, தப்பான எண்ணத்தோட கூப்பிடறது, ஆபாசமா பேசறது, ஆபாசப் படம் காட்டறது, நமக்குப் பிடிக்காத அந்த மாதிரி பேச்சு, சைகை எல்லாமே. சட்டம் ஒத்துக்குது, ஆனா சட்டம் ஒத்துக்குதுன்னு அந்த பொண்ணுக்குத் தெரியல.

1992ல ராஜஸ்தான்ல ஒரு குழந்தைக் கல்யாணத்த தடுக்கப் போனதுக்காக பன்வாரி தேவிங்கற கிராமத்துப் பணியாளர கூட்டா பலாத்காரம் பண்ணாங்க, அதுக்கப்புறம் நடந்த கேஸ்லதான் 1997ல சுப்ரீம் கோர்ட் வேலை இடத்துல பாலியல் தொந்தரவ தடுக்க விதிமுறை சொன்ன விசாகா தீர்ப்பு குடுத்துச்சு, அதுல இருந்துதான் 2013 சட்டம் வந்துச்சு. ஒரு கிராமத்து அம்மாவுக்கு நடந்த கொடுமையில இருந்து பொறந்த சட்டம் நம்ம ஊரு பொண்ணுங்களுக்கே படிக்க முடியாத மாதிரி சுவத்துல தொங்குது. 2023 மே மாசம் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு, சட்டம் வந்து இத்தன வருஷம் ஆகியும் அமல்படுத்தறதுல பெரிய குறை இருக்குன்னு.

சரின்னு நாங்க ஒரு அஞ்சு பேரு சேர்ந்து புரியற மாதிரி ஒரு கைடு எழுதலாம்னு உக்காந்தோம். நான், ரெண்டு டெய்லர், செக்கிங்ல ஒரு அக்கா, ஹாஸ்டல் வார்டன். ஞாயித்துக்கிழமை ஹாஸ்டல் மொட்ட மாடியில. முதல்ல நான் எழுதிட்டு வந்தது பூரா வேஸ்ட். "சட்டப்பிரிவு இத்தனையின்படி"ன்னு ஆரம்பிச்சிருந்தேன். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு ஹெல்பர் அம்மாவ கூப்பிட்டு வாசிச்சுக் காட்டிட்டு இப்ப நீங்க திரும்பச் சொல்லுங்கம்மான்னு கேட்டோம், அவங்க "ஏதோ சட்டம் இருக்குதாம்"னு சொன்னாங்க, அவ்ளோதான் போயி சேர்ந்திருக்கு. அதுக்கப்புறம் ஒவ்வொரு வரிக்கும் அதே மாதிரி பண்ணோம். அந்தம்மா சரியா திரும்பச் சொன்னா வரி நிக்கும், இல்லன்னா அடிச்சுட்டு வேற எழுதுவோம். இப்படியே ஆறு ஞாயித்துக்கிழமை போச்சு.

அப்பத்தான் தெரிஞ்சுது பொண்ணுங்க என்ன கேக்கறாங்கன்னு. சட்டம் எப்ப வந்துச்சுன்னு யாரும் கேக்கல. நான் புகார் குடுத்தது அவனுக்குத் தெரியுமா, வேல போயிடுமா, வீட்டுக்கு போன் பண்ணுவாங்களா, என்னால நிரூபிக்க முடியலன்னா என்ன ஆகும், இதத்தான் கேட்டாங்க. கைடுன்னா இதுக்குத்தான் முதல்ல பதில் சொல்லணும்.

அவனுக்குத் தெரியுமான்னா, தெரியும். இத மறைக்கக் கூடாதுன்னு நாங்க முடிவு பண்ணோம், அதுக்கு எங்களுக்குள்ள பெரிய சண்டையே வந்துச்சு, பயந்துடுவாங்க எழுத வேணாம்னு ஒருத்தர், பின்னாடி தெரிஞ்சா நம்மள நம்பவே மாட்டாங்கன்னு இன்னொருத்தர். புகார் வந்த 7 வேலை நாளுக்குள்ள அதோட காப்பி அவனுக்குப் போகும், அவன் 10 வேலை நாளுக்குள்ள பதில் குடுக்கணும். அதனால கூடவே அடுத்த வரியில எழுதினோம்: விசாரணை முடியற வரைக்கும் உன்னயோ அவனயோ வேற இடத்துக்கு மாத்தச் சொல்லி எழுதிக் கேக்கலாம், இருக்கற லீவுக்கு மேல 3 மாசம் வரைக்கும் லீவு கேக்கலாம், உன் வேலையப் பத்தி அவன் ரிப்போர்ட் எழுதக் கூடாதுன்னு கேக்கலாம். இது தெரிஞ்சப்புறம் பல பேருக்கு முகமே மாறுச்சு. எங்க ஊர்ல டார்கெட் ஷீட்டுதான் தொந்தரவு குடுக்கறவங்க கையில இருக்கற ஆயுதம், அத அவன்கிட்ட இருந்து வாங்கலாம்னா அது எவ்ளோ பெரிய விஷயம்னு ஃப்ளோர்ல வேல பாத்தவங்களுக்குத்தான் தெரியும்.

நிரூபிக்க முடியலன்னா? எங்க போஸ்டர்ல தடிமன் எழுத்துல இருக்கறது ஒரே வரிதான், பொய் புகார் குடுத்தா நடவடிக்கைன்னு. இத படிச்சுட்டு எந்தப் பொண்ணு வருவா சொல்லுங்க. ஆனா அதே சட்டப்பிரிவுல அதுக்குப் பக்கத்துலயே இருக்கு, சாட்சி பத்தல, நிரூபிக்க முடியலங்கறதுக்காக மட்டும் புகார் குடுத்தவ மேல நடவடிக்கை எடுக்கக் கூடாதுன்னு. வேணும்னே கெட்ட எண்ணத்தோட குடுத்தாங்கன்னு தனியா விசாரிச்சு முடிவு பண்ணாத்தான். முதல் பாதிய மட்டும் பெருசா அச்சடிச்சுட்டு ரெண்டாவது பாதிய விட்டுட்டாங்க. இந்த ஒரு விஷயத்துல எனக்கு வந்த கோவம் வேற எதுலயும் வரல.

அப்புறம் நாள் கணக்கு. நடந்த நாள்ல இருந்து 3 மாசத்துக்குள்ள எழுதிக் குடுக்கணும், பல தடவ நடந்திருந்தா கடைசியா நடந்த நாள்ல இருந்து கணக்கு. குடுக்க முடியாத அளவுக்கு காரணம் இருந்தா கமிட்டி அத எழுத்துல பதிவு பண்ணி இன்னும் 3 மாசம் வரைக்கும் நீட்டிக்கலாம். எங்க பொண்ணுங்க பெரும்பாலும் தீபாவளி போனஸ் வாங்கற வரைக்கும் வாயத் திறக்க மாட்டாங்க, ஆடி மாசம் நடந்தத போனஸ் வாங்கிட்டு ஊருக்குப் போயி அம்மாகிட்ட சொல்லிட்டு திரும்பி வந்து சொல்றதுக்குள்ள 3 மாசம் ஓடிப் போயிருக்கும். அதனால கைடுல இந்த வரிய மேல வெச்சோம். விசாரணை 90 நாளுக்குள்ள முடியணும், அப்புறம் 10 நாள்ல ரிப்போர்ட், ரிப்போர்ட் கைக்கு வந்து 60 நாளுக்குள்ள கம்பெனி நடவடிக்கை எடுக்கணும். முடிவு சரியில்லன்னா 90 நாளுக்குள்ள அப்பீல் போகலாம்.

விதியில புகார 6 காப்பி குடுக்கணும்னு இருக்கு. ஆறு காப்பியா, எந்த ஜெராக்ஸ் கடையில போயி இத எடுப்பேன், கடைக்காரர் படிச்சுட மாட்டாரான்னு ஒரு பொண்ணு கேட்டா. எனக்கு அது தோணவே இல்ல பாருங்க. இப்ப எங்க கைடுல "ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க போதும், காப்பிய கமிட்டியே எடுத்துக்கும்"னு இருக்கு. எழுதத் தெரியாதுன்னா கமிட்டி மெம்பர் எழுத உதவி பண்ணியே ஆகணும், அது சட்டத்துலயே இருக்கு. நடக்க முடியாதவங்க, உடம்பு முடியாதவங்களுக்காக சொந்தக்காரங்களோ ஃப்ரெண்டோ கூட வேல செய்யறவங்களோ புகார் குடுக்கலாம். சமாதானமா போறதுன்னா அந்தப் பொண்ணு கேட்டா மட்டும்தான், அதுலயும் காசு குடுத்து முடிக்கறது கூடாது. விசாரணைக்கு ரெண்டு பக்கமும் வக்கீல் வரக் கூடாது, அதனால அவனுக்கு பெரிய வக்கீல் இருக்காருன்னு பயப்பட வேணாம்.

சாட்சிக்கு என்ன வெச்சுக்கறதுன்னு கேட்டாங்க. மெசேஜ அழிக்காதீங்க, ஸ்கிரீன்ஷாட் எடுத்து நம்பிக்கையான ஒருத்தருக்கு அனுப்பிடுங்க, தேதி, மணி, எந்த லைன், பக்கத்து மிஷின்ல யாரு இருந்தா, அன்னைக்கு யாருகிட்ட சொன்னீங்க இத குறிச்சு வைங்கன்னு எழுதினோம். எழுதத் தெரியாத அந்த ஹெல்பர் அம்மாதான் யோசனை சொன்னாங்க, "காலண்டர்ல அந்த தேதிய சுழிச்சு வெச்சுட்டு போன்ல பேசி வெச்சுக்கலாமே"ன்னு. அதையும் போட்டுட்டோம்.

இத்தனையும் முடிச்சு நல்லா வந்துடுச்சுன்னு நினைச்சேன். எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு கண்பார்வை இல்ல, ஒரு ஆபீஸ்ல டெலிபோன் ஆபரேட்டர். அவகிட்ட பிடிஎஃப் அனுப்பி பாரும்மான்னேன். அவ போன்ல திரையில இருக்கறத வாசிச்சுக் காட்டற டாக்பேக் ஒரு வார்த்தை கூட படிக்கல. டிடிபி கடையில பாமினி ஃபாண்ட்ல அடிச்சு அத படமா மாத்தி குடுத்திருக்காங்க, கண்ணுக்குத் தமிழ், போனுக்கு வெறும் படம். "அக்கா, எங்க ஆபீஸ் சர்க்குலரும் இப்படித்தான் வரும், யாராவது படிச்சுக் காட்டணும். இத யாருகிட்ட படிக்கச் சொல்றது?"ன்னு கேட்டா. அந்தக் கேள்விக்கு எங்கிட்ட பதில் இல்ல. தொந்தரவு குடுக்கறவனே பக்கத்து சீட்டுல இருந்தா அவனா படிச்சுக் காட்டுவான்? தமிழ்நாடு அரசு 2010லயே எல்லா போனும் கம்ப்யூட்டரும் படிக்கற யூனிகோடு எழுத்துக்கு மாறச் சொல்லியாச்சு, இன்னமும் எத்தனையோ நோட்டீஸ் பழைய ஃபாண்ட்லயும் ஸ்கேன் படத்துலயும்தான் வருது. திரும்ப எல்லாத்தையும் யூனிகோட்ல நானே டைப் பண்ணேன், மூணு நிமிஷ வாய்ஸ் நோட்டா பேசியும் வெச்சேன். ஒடிசா பொண்ணு ஒருத்தி அத ஒடியாவுல பேசிக் குடுத்தா, வார்டன் இந்தியில பேசினாங்க.

எங்க செக்கிங் செக்ஷன்ல காது கேக்காத, பேச முடியாத பொண்ணுங்க ஏழு பேரு இருக்காங்க. அவங்களுக்கு எழுத்துத் தமிழ் பாதிதான் புரியும், அவங்க மொழி சைகை மொழி. காது கேளாதோர் பள்ளியில டீச்சரா இருந்த ஒருத்தங்க வந்து சைகையில பண்ணிக் காட்ட, அத வீடியோ எடுத்தோம். எடுத்து முடிச்சதும் அதுல ஒரு பொண்ணு டீச்சர் கையப் பிடிச்சுட்டு ரொம்ப நேரம் ஏதோ சொல்லிட்டே இருந்தா. என்ன சொன்னான்னு இங்க எழுத மாட்டேன். அவளுக்குச் சொல்றதுக்கு நிறைய இருந்திருக்கு, கேக்கற ஆளு எங்ககிட்ட இல்லாம இருந்திருக்கு, அது மட்டும் போதும்.

இது எங்க கம்பெனி கதை. 10 பேரோ அதுக்கு மேலயோ வேல செய்யற இடத்துல கமிட்டி இருக்கணும், தலைவர் சீனியர் பொம்பளையா இருக்கணும், பாதிக்குக் குறையாம பொம்பளைங்க, வெளியில இருந்து ஒரு ஆளு, வெக்கலன்னா கம்பெனிக்கு 50,000 ரூபாய் வரைக்கும் அபராதம். ஆனா 10 பேரு கூட இல்லாத தையக்கடை, பியூட்டி பார்லர், மெடிக்கல் ஷாப், டாக்டர் கிளினிக், வீட்டு வேல பாக்கற அக்காங்க என்ன பண்ணுவாங்க? முதலாளியே தப்பு பண்ணா? அதுக்கு மாவட்டத்துக்கு ஒரு லோக்கல் கமிட்டி இருக்கு, கலெக்டர் ஆபீஸ் மூலமா. வீடும் வேலை செய்யற இடம்னுதான் சட்டம் சொல்லுது, கம்பெனி வண்டியும்தான், தினக்கூலியும் கான்ட்ராக்டும் ட்ரெயினியும் எல்லாரும் இதுல வர்றாங்க. இத நான் எங்க தெருவுல வீட்டு வேல பாக்கற எட்டு பேருகிட்ட கேட்டேன், ஒருத்தருக்கும் தெரியல.

அதுலயும் நம்ம ஊர்ல ஒரு சிக்கல். எல்லாத்தையும் சென்னைன்னுதான் சொல்றோம், ஆனா கிண்டி, அம்பத்தூர்ல வேலன்னா ராஜாஜி சாலையில இருக்கற சென்னை கலெக்டர் ஆபீஸ், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம்னா செங்கல்பட்டு மாவட்டம், ஆவடின்னா திருவள்ளூர் மாவட்டம். போலீஸுக்கு 2022ல இருந்து தாம்பரமும் ஆவடியும் தனித்தனி கமிஷனர் ஆபீஸ். அரை நாள் சம்பளத்த விட்டுட்டு பீச் ஸ்டேஷன்ல இறங்கி நடந்து போயி நிக்கற அம்மாகிட்ட இது இங்க இல்ல செங்கல்பட்டு போங்கன்னு சொன்னா அவங்க செங்கல்பட்டு போவாங்களா, வீட்டுக்குத்தான் போவாங்க. கைடுல எந்த ஏரியாவுக்கு எந்த ஆபீஸ், எந்த மாடி, எந்த ரூம்னு இருக்கணும். சட்டப்படி வார்டு அளவுல புகார் வாங்கறதுக்கு ஒரு நோடல் அதிகாரி கூட இருக்கணும், 7 நாளுக்குள்ள அவங்க லோக்கல் கமிட்டிக்கு அனுப்பிடணும். அந்த அதிகாரி யாருங்கறத வார்டு ஆபீஸ் வாசல்ல பெருசா எழுதிப் போட எவ்ளோ செலவாகும்?

போலீஸுக்குப் போகணும்னா கமிட்டி முடியற வரைக்கும் காத்திருக்கத் தேவையில்ல, ரெண்டும் ஒரே நேரத்துல போகலாம். எந்த ஸ்டேஷன்லயும் குடுக்கலாம், எல்லை இல்லன்னு திருப்பி அனுப்பக் கூடாது, பெண் போலீஸ்தான் எழுதிக்கணும். மாற்றுத்திறனாளின்னா வீட்டுக்கோ அவங்க சொல்ற இடத்துக்கோ போலீஸ் வரணும், சைகை மொழி தெரிஞ்சவங்கள வெச்சு, வீடியோ எடுத்துப் பதியணும். 2024 ஜூலையில வந்த புது குற்றவியல் நடைமுறைச் சட்டத்துலயும் இது இருக்கு. அவசரம்னா 112, பேசி யோசனை கேக்க 181, இலவச வக்கீலுக்கு 15100. பொம்பளைங்களுக்கு சம்பளம் எவ்ளோன்னு பாக்காம இலவச சட்ட உதவி உண்டு, இதுவும் பாதிப் பேருக்குத் தெரியாது.

பேரு வெளிய வந்துடுமோங்கற பயத்தப் பத்தியும் சொல்லணும். 2024 டிசம்பர்ல அண்ணா பல்கலைக்கழக மாணவி குடுத்த புகாரோட எஃப்ஐஆர் வெளிய வந்துச்சே, அந்த வாரம் எங்க ஹாஸ்டல்ல எல்லா பொண்ணுங்களும் அதத்தான் பேசினாங்க, "பாத்தீங்களாக்கா, குடுத்தா இப்படித்தான்"னு. ஹைகோர்ட் தலையிட்டு அந்த மாணவிக்கு இடைக்காலமா 25 லட்சம் குடுக்கச் சொன்னது, குத்தவாளிக்கு அடுத்த வருஷம் ஜூன்ல தண்டனை வந்தது, இதெல்லாம் அவங்க காதுக்குப் போயி சேரல, லீக் ஆனது மட்டும் போயி சேர்ந்துச்சு. உங்கள மாதிரி பத்திரிகைங்க இந்த ரெண்டாவது பாதியையும் அதே அளவு பெருசா போடணும்னு கையெடுத்துக் கேட்டுக்கறேன். கம்பெனி கமிட்டி விசாரணையிலயும் பேரு, அட்ரஸ், விசாரணை விவரம் எதையும் வெளிய விடக் கூடாதுன்னு சட்டத்துல இருக்கு, தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டாலும் தரக் கூடாது.

எங்க கைட நாங்க கேன்டீன்ல ஒட்டல. அங்க நின்னு படிச்சா எல்லாரும் பாப்பாங்க. லேடீஸ் டாய்லெட் கதவுக்கு உள்பக்கம், உக்காந்தா கண்ணுக்கு நேரா வர்ற மாதிரி ஒட்டியிருக்கோம், கீழ போன் நம்பர் சின்ன சின்ன சீட்டா கிழிச்சு எடுத்துட்டுப் போற மாதிரி. அந்த டெய்லர் பொண்ணு இந்த வருஷம் எழுதிக் குடுத்தா. விசாரணை போயிட்டு இருக்கு, அதனால அதுக்கு மேல சொல்ல முடியாது. அவ இப்ப வேற லைன்ல தைக்கறா.

உங்க பத்திரிகையில அரைப்பக்கம் வேணும், இதான் என் கோரிக்கை. விளம்பரம் மாதிரி வேணாம், பெரிய எழுத்துல, பேச்சுத் தமிழ்ல, வெட்டி வெச்சுக்கற மாதிரி. சென்னை, செங்கல்பட்டு, திருவள்ளூர், காஞ்சிபுரம் நாலு மாவட்டத்துக்கும் லோக்கல் கமிட்டி எங்க இருக்கு, என்ன கிழமை என்ன நேரம் போனா ஆளு இருப்பாங்கன்னு உங்க நிருபர்ங்க நேர்ல போயி பாத்து எழுதணும், நாங்க போன் பண்ணா எடுக்காதவங்க நீங்க பண்ணா எடுப்பாங்க. உங்க வெப்சைட்டுல அதயே படமா போடாம எழுத்தா போடுங்க, வாய்ஸும் சேர்த்துப் போடுங்க. நாங்க டைப் பண்ணது, ஒடியா, இந்தி வாய்ஸ், சைகை வீடியோ எல்லாம் எங்கிட்ட இருக்கு, கேட்டா அன்னைக்கே அனுப்பறேன், எங்க பேரு எதுவும் போட வேணாம். முடிஞ்சா ஞாயித்துக்கிழமை பேப்பர்ல போடுங்க, ஹாஸ்டல்ல அன்னைக்குத்தான் பொண்ணுங்க பேப்பர் எடுப்பாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பல்லாவரம்